சொல்லி அடித்தாரா பேப் ரூத்?

1932 அக்டோபர் 1 பிற்பகல் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் பேப் ரூத் அடித்த ஹோம் ரன்னைப் போல பேஸ்பால் உலகில் வாதிக்கப்பட்ட அடி வேறு இல்லை. பந்து எங்கே போய் விழுந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது மைய மைதானத்தின் எல்லையைக் கடந்து, ஸ்கோர்போர்டுக்கு அருகில், ஏறத்தாழ 440 அடி தொலைவில் விழுந்தது. அடிப்பதற்குச் சற்று முன்பு ரூத் கையை நீட்டினார் என்பதையும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எதை நோக்கி நீட்டினார் என்பதில்தான் தகராறு. பந்தை அனுப்பப்போகும் இடத்தை முன்கூட்டியே காட்டிவிட்டு அங்கேயே அடித்தார் என்பது ஒரு கட்சி. தன்னைக் கேலி செய்த எதிரணியினரைப் பார்த்துக் கையசைத்தார், அவ்வளவுதான் என்பது மறு கட்சி. அன்று மைதானத்தில் இருந்த பார்வையாளர்கள் 49,986 பேர். இத்தனை சாட்சிகள் இருந்தும் 90 ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பு வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் தந்தையுடன் வந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 34 ஆண்டுகளுக்கு மேல் நீதிபதியாக இருந்தவர் இவர்தான். சாட்சியங்களை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டவர் தானே சாட்சியாக நிற்கும் வழக்கு என்பதால், ஒரு ரசிகரின் நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று ஆராய இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கிரிக்கெட் பழகிய வாசகருக்கு ஆட்டத்தின் விதிகளில் இங்கே தேவைப்படுபவை சிலவே. பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் பறக்க அடிப்பது ஹோம் ரன். அடிப்பவருக்கு மூன்று ஸ்ட்ரைக் வரைதான் வாய்ப்பு. அடிக்கக்கூடிய பந்தைச் சும்மா விட்டாலும், மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஒரு ஸ்ட்ரைக் ஏறும். பந்தை எறிபவர் பிட்சர். அவர் எட்டாத இடத்தில் எறிந்தால் அது அடிப்பவருக்குச் சாதகமாகக் கணக்கில் சேரும். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் அடிப்பவர் விளிம்பில் நிற்கிறார்; இன்னொன்று தவறினால் வெளியேற வேண்டியதுதான். ரூத் கை நீட்டியது அந்த விளிம்பில் நின்றபோது.

அன்றைய ஆட்டம், பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். ரூத் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றுவிட்டுச் சிகாகோ வந்திருந்தது. இரு அணிகளுக்கும் இடையே பகை மூண்டிருந்தது. அதற்குக் காரணம் பணம். ஜூலையில் சிகாகோவின் கப்ஸ் அணியின் பில்லி ஜர்கஸ் ஓட்டல் அறையில் துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்தார். அணிக்கு ஆள் தேவைப்படவே, முன்பு யாங்கீஸில் ஆடிய மார்க் கேனிக்கை ஆகஸ்டில் எடுத்துக்கொண்டார்கள். கேனிக் 33 ஆட்டங்களில் .353 என்ற சராசரியில் அடித்து, கப்ஸ் தன் லீகில் முதலிடம் பெற உதவினார். ஆனால் உலகத் தொடர் வருமானத்தைப் பங்கு பிரிக்கும்போது கப்ஸ் வீரர்கள் அவருக்கு அரைப் பங்கு மட்டும் ஒதுக்கினார்கள். பழைய தோழனுக்கு நேர்ந்த இந்த அநியாயத்தை ரூத் விடவில்லை. கப்ஸ் வீரர்களைக் கஞ்சர்கள் என்று பகிரங்கமாக ஏசினார். யாங்கீஸின் மேலாளர் ஜோ மெக்கார்த்தி 1930இல் கப்ஸால் கழற்றிவிடப்பட்டவர் என்பதால் அவருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது.

சிகாகோ ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ரூத்துக்கு அப்போது 37 வயது. உடல் பருத்து, கால் தளர்ந்து, ஓட்டம் குறைந்திருந்த காலம். அவர் மீது எலுமிச்சம்பழங்களை எறிந்தார்கள். கப்ஸ் வீரர்களோ மைதான ஓரத்தில் தாங்கள் அமரும் இடமான டக்அவுட்டிலிருந்து வாய் ஓயாமல் கத்தினார்கள். பிட்சர் கை புஷ் அவர்களில் முன்னணியில் இருந்தார். முதல் இன்னிங்ஸிலேயே ரூத் மூன்று ரன் தரும் ஹோம் ரன் ஒன்றை அடித்து வாயை அடைக்கப் பார்த்தார். ஆனால் நான்காவது இன்னிங்ஸில் தாழ்வாக வந்த பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கோட்டைவிட்டார். கேலி இரட்டிப்பானது. ஆட்டமும் 4-4 எனச் சமநிலைக்கு வந்தது.  

ஐந்தாவது இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்த பின் ரூத் வந்து நின்றார். எறிந்தவர் சார்லி ரூட். முதல் ஸ்ட்ரைக் விழுந்ததும் ரூத் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். எட்டாத பந்துகள் இரண்டு வந்தன. இரண்டாவது ஸ்ட்ரைக் விழுந்தது, இரண்டு விரல்கள். எதிரணி கூச்சலிட, ரூத்தும் ஏதோ பதில் சொல்லியபடி கையை நீட்டினார். அடுத்த பந்து தாழ்வாக, வெளிப்பக்கமாக வந்தது. அதைத்தான் மைய மைதானத்துக்கு அப்பால் அனுப்பினார். பேஸ் எனப்படும் ஓட்ட நிலைகளைச் சுற்றி ஓடும்போதும் கப்ஸ் வீரர்களை நோக்கிச் சைகை காட்டிச் சிரித்துக்கொண்டே போனார். தொடர்ந்து வந்த லூ கெரிக் தன் பங்குக்கு ஒரு ஹோம் ரன் அடிக்க, சார்லி ரூட் வெளியேற்றப்பட்டார். யாங்கீஸ் 7-5 என்ற கணக்கில் வென்றது. மறுநாள் தொடரையும் 4-0 என முடித்தது. உலகத் தொடர்களில் ரூத் அடித்த 15 ஹோம் ரன்களில் அதுவே கடைசி.

முதல் ஆதாரம் பத்திரிகைகள். மைதானத்தில் இருந்த நிருபர்களில் மிகச் சிலரே அன்றைய செய்தியில் கை நீட்டலைப் பற்றி எழுதினார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜான் டிரெபிங்கர், பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பித்தான் பழிதீர்க்கப் போவதாக ரூத் கூட்டத்துக்குச் சைகையால் தெரிவித்தார் என்று எழுதினார். குறிப்பிட்ட இடத்தைக் காட்டினார் என்று எழுதவில்லை. அந்தக் கதையின் முழு வடிவம் ஜோ வில்லியம்ஸ் என்பவரின் செய்தியிலும் அதன் தலைப்பிலும் வந்தது. பில்லியர்ட்ஸ் மேசையில் எந்தக் குழியில் பந்தை விழவைக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்கும் வழக்கம் உண்டு. ரூத்தின் இரண்டாவது ஹோம் ரன்னைத் தலைப்பு அந்த ஆட்டத்தின் மொழியில் வர்ணித்தது. அடுத்த சில நாட்களில் மற்ற பத்திகளும் அதைப் பிடித்துக்கொண்டன. முதல் நாள் தங்கள் கண்ணில் படாத ஒன்றை, இரண்டு மூன்று நாள் கழித்து நிருபர்கள் தெளிவாகக் கண்டதாக எழுதினார்கள் என்பதை இந்த வழக்கில் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

களத்தில் அருகில் நின்றவர்களின் சாட்சியம் வேறு. ரூத்துக்குப் பின்னால் அமர்ந்திருந்த கேட்சர் காபி ஹார்ட்நெட், ஒரு பந்து மிச்சம் இருக்கிறது, ஒன்றே போதும் என்ற பொருளில் ரூத் கப்ஸ் டக்அவுட்டைப் பார்த்துச் சொன்னார் என்றார். கப்ஸின் பில்லி ஹெர்மனும் இடத்தைக் காட்டியதாகச் சொல்லப்படுவதை மறுத்தார். சார்லி ரூட்டின் வாதம் தொழில்முறையானது. அப்படி ஒருவர் தன்னை அவமதித்திருந்தால் அடுத்த பந்தை அவர் உடம்பைக் குறிவைத்தே எறிந்திருப்பேன் என்றார். அந்தக் காலத்துப் பிட்சர்கள் உண்மையிலேயே அப்படிச் செய்யக்கூடியவர்கள். யாங்கீஸ் தரப்பிலோ, ஜோ சூவல் போன்றவர்கள் ரூத் இடத்தைக் காட்டியே அடித்தார் என்று கடைசிவரை சாதித்தார்கள். சாட்சிகள் அணி வாரியாகப் பிரிந்து நின்றது தற்செயல் அல்ல.

ரூத்தின் சொந்த வாக்குமூலம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. 1933இல் சிகாகோ வானொலி வர்ணனையாளர் ஹால் டாட்டன் கேட்டபோது, எந்த இடத்தையும் காட்டவில்லை என்று அவர் மறுத்தார். கதை வளர வளர அவர் பதிலும் வளர்ந்தது. பாப் கான்சிடைனின் துணையோடு எழுதப்பட்டு 1948இல் வெளியான தன்வரலாறு, அவர் இடத்தைக் காட்டியே அடித்ததாகச் சொல்கிறது. அதே ஆண்டு வந்த திரைப்படம் இன்னும் ஒரு படி மேலே போய், 1926இல் நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்காக ரூத் ஹோம் ரன் அடித்தார் என்று புகழ்பெற்ற வேறொரு கதையை இதனோடு ஒட்டவைத்தது. அந்தப் படத்தில் தன் பாத்திரத்திலேயே நடிக்க சார்லி ரூட்டை அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். படம் வெளியான சில வாரங்களில், 1948 ஆகஸ்ட் 16 அன்று ரூத் காலமானார்.

இனி அந்தச் சிறுவன். ஸ்டீவன்ஸ் குடும்பம் சிகாகோவின் செல்வக் குடும்பங்களில் ஒன்று. 3,000 அறைகளுடன் 1927இல் திறக்கப்பட்டு, அன்று உலகிலேயே பெரியது எனப் பெயர்பெற்ற ஸ்டீவன்ஸ் ஓட்டல் அவர்களுடையது. சிறுவனோ கப்ஸ் வெறியன். 1929இல் அவன் பார்த்த உலகத் தொடர் ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவின் ஹோவர்ட் எம்கி, கப்ஸ் வீரர்கள் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து அவன் மனதை உடைத்தார். 1932இல் மனதை உடைத்தவர் ரூத். பொருளாதாரப் பெருமந்தம் அந்த ஓட்டலையும் விழுங்கியது. அடுத்த ஆண்டே தந்தை எர்னஸ்ட் ஸ்டீவன்ஸ் நிதிக் கையாடல் வழக்கில் தண்டிக்கப்பட்டார்; 1934இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தவறான தீர்ப்பு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை ஸ்டீவன்ஸ் சட்டப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. இந்தப் பின்னணியில், தந்தையோடு ரிக்லி ஃபீல்டில் இருந்த அந்தப் பிற்பகல் குடும்பத்தின் நல்ல காலத்தின் கடைசி நாட்களில் ஒன்றாக அவர் நினைவில் தங்கியிருந்தால் வியப்பில்லை.

1975இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் கார்டு அவருடைய அலுவலக அறைச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றே. ரூத் தன் மட்டையால் மைய மைதானத்து ஸ்கோர்போர்டைச் சுட்டினார், அதன் பின் பந்தை வெளியே அடித்தார், நடந்தது உண்மை. 2010இல் ஓய்வு பெற்ற பிறகும், 2019 ஜூலையில் 99 வயதில் மறையும் வரையும், இதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

நினைவுக்கு எதிராக நிறுத்தக்கூடிய ஒரே பொருள், படச்சுருள். அன்று தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் பதிவு செய்யாத அந்தக் கணத்தை ரசிகர்கள் இருவர் தங்கள் 16 மி.மீ. கேமராவில் பிடித்திருந்தார்கள். மேட் கேண்டில் என்ற சிகாகோக்காரரின் படச்சுருள் பல பத்தாண்டுகள் வீட்டில் கிடந்து, 1994இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி நாடறிந்தது. இரண்டாவது, பிளாஸ்டிக் உற்பத்தியாளர் ஹெரால்டு வார்ப் எடுத்தது. அவர் பேஸ்பால் ரசிகரே அல்ல. அந்தப் படத்தை ஈஎஸ்பிஎன் 2000இல் ஒளிபரப்பியது. கேண்டிலின் படத்தில் ரூத் கையை நீட்டுவது தெரிகிறது; திசை தெளிவில்லை. பார்த்தவர்கள் தாங்கள் ஏற்கெனவே நம்பியதையே அதில் கண்டார்கள். வார்ப்பின் படம் வேறு கோணத்தில் எடுக்கப்பட்டது. அதில் ரூத் கப்ஸ் டக்அவுட்டை நோக்கிக் கையை வீசிக் கத்துகிறார் என்பதே பெரும்பாலோர் முடிவு. இரண்டுமே ஒலி இல்லாத படங்கள். நீட்டப்படுவது கைதான், மட்டை அல்ல.

இந்தக் குழப்பத்துக்கு மைதானத்தின் வடிவமே பாதிக் காரணம். அடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பிட்சரும் மைய மைதானமும் ஒரே நேர்கோட்டில் இருப்பவை. பிட்சரை நோக்கி நீட்டிய கையைச் சற்று நீட்டிப் பார்த்தால் அது மைய மைதானத்து ஸ்கோர்போர்டில்தான் போய் முட்டும். அதோடு ரூத் இடது கை ஆட்டக்காரர். இடது கை ஆட்டக்காரர் மூன்றாவது பேஸ் பக்கம் முகம் வைத்து நிற்பார். கப்ஸின் டக்அவுட்டும் அதே பக்கம். ஆகவே டக்அவுட்டைப் பார்த்துக் கையை வீசி, பிட்சர் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னால்கூட, மாடத்தில் சாய்வான கோணத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கை மைய மைதானத்தைச் சுட்டிவிட்டதாகத் தோன்றும். ரூத் காட்டியது யாரை என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் அவருக்கு நேர் பின்னால் இருந்தவர்கள் மட்டுமே. அப்படி இருந்தவர் ஹார்ட்நெட்.

காலம் இன்னொரு காரணம். கை நீட்டப்பட்ட நொடியில் அதற்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. ரூத் அன்று முழுவதும் கையை ஆட்டிக்கொண்டும் விரலைக் காட்டிக்கொண்டும்தான் இருந்தார். பந்து ஸ்கோர்போர்டருகே விழுந்த பிறகுதான் அதற்கு முந்தைய சைகை வரலாறாக மாறியது. ஆகவே சாட்சிகள் அனைவரும், கவனிக்க வேண்டும் என்று தெரியாதபோது பார்த்த ஒன்றை, பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு நினைவுகூர்கிறார்கள். அவர் அந்தப் பந்தைத் தவறவிட்டிருந்தால் அந்தச் சைகையை ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பந்து இடது பக்கம் போயிருந்தால், அவர் இடது பக்கத்தைக் காட்டினார் என்று சாதிப்பவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள்.

இதே 1932இல்தான் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் நினைவைப் பற்றிய தம் முக்கிய நூலை வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேய வாசகர்களுக்குக் கொடுத்து, நாள் கழித்துத் திரும்பச் சொல்லக் கேட்டது அவருடைய சோதனைகளில் ஒன்று. சொல்லும்போதெல்லாம் கதை சுருங்கியது; புரியாத பகுதிகள் உதிர்ந்தன; பழங்குடிகளின் ஓடம் சாதாரணப் படகாகியது. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழக்கமான வார்ப்புக்குள் கதையை அமர்த்திக்கொண்டார்கள். நினைவு என்பது சேமித்ததை எடுத்துக் காட்டுவதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்பது பார்ட்லெட்டின் முடிவு. கேலியைப் பொறுத்துக்கொண்டிருந்த வீரன் சவால் விட்டு அதைச் சாதிக்கும் கதை எந்த நாட்டினருக்கும் பழக்கமான வார்ப்பு. டக்அவுட்டோடு நடந்த வாய்ச்சண்டை அதில் அமரவில்லை, உதிர்ந்துபோனது.

பார்ட்லெட்டின் கருத்தை அமெரிக்க உளவியல் சில காலம் மறந்திருந்தது. 1977இல் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் கூலிக்கும், பேரதிர்ச்சி தரும் நிகழ்ச்சிகள் மின்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போல மனதில் பதிந்துவிடுகின்றன என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். இதை மறுத்தவர்களில் முதன்மையானவர் உல்ரிக் நைசர். ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது தாம் வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், செய்திக்காக ஒலிபரப்பு நின்றதாகவும் அவருக்குத் தெளிவான நினைவு. எத்தனையோ ஆண்டுகள் கழித்துத்தான், டிசம்பரில் பேஸ்பால் ஆட்டமே நடப்பதில்லை என்பது அவருக்கு உறைத்தது. 1986இல் வேறு இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். அன்று ஒலிபரப்பானது நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஆடியவை ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் என்ற அணிகள். இரண்டும் அந்நகரின் பேஸ்பால் அணிகளுக்கும் உரிய பெயர்கள். மைதானமும் பேஸ்பால் ஆடப்படும் மைதானம். குடியேறிய குழந்தையாக இருந்து அமெரிக்கனாக விரும்பிய ஒரு சிறுவன், கால்பந்தை எடுத்துவிட்டு அமெரிக்காவின் தேசிய ஆட்டத்தை அங்கே வைத்துக்கொண்டான்.

1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது நைசர் ஒரு வாய்ப்பைக் கண்டார். எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மறுநாள் காலையிலேயே எழுதி வாங்கினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டார். நால்வரில் ஒருவர் எல்லா முக்கிய விவரங்களிலும் தவறினார். தவறியவர்களும் முழு உறுதியோடுதான் பதில் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை. ஹேர்ஷ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் 1992இல் வெளியிட்ட இந்த ஆய்வு, உறுதியும் சரியும் வேறு வேறு என்பதைக் கைப்பட எழுதிய ஆவணங்களால் காட்டியது.

பேஸ்பால் ரசிகர்களையே நேரடியாகச் சோதித்த ஆய்வும் உண்டு. 2003இல் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிகளுக்கு இடையிலான லீக் இறுதித் தொடரின் கடைசி ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸில் ஏரன் பூன் அடித்த ஹோம் ரன்னோடு யாங்கீஸ் வெற்றியாக முடிந்தது. அடுத்த ஆண்டு அதே கட்டத்தில் ரெட் சாக்ஸ் வென்றது. பிரெஸ்லின், சேஃபர் என்ற ஆய்வாளர்கள் 2008இல் 1,563 ரசிகர்களிடம் இரண்டு ஆட்டங்களின் விவரங்களையும் கேட்டார்கள். ரசிகர்கள் தங்கள் அணி வென்ற ஆட்டத்தை அதிகத் துல்லியமாகவும் தெளிவாகவும் நினைவில் வைத்திருந்தார்கள். வென்ற ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தும் பேசியும் வந்திருக்கிறார்கள். இந்த அளவுகோல் ஸ்டீவன்ஸுக்குச் சாதகமில்லை. அவர் தோற்ற அணியின் ரசிகர். ஆனால் அவர் சொன்ன கதை தன் அணிக்கு எதிரானது என்பதையும் மறக்கக் கூடாது. கப்ஸ் வீரர்கள் மறுத்ததை ஒரு கப்ஸ் ரசிகர் கடைசிவரை சாதித்தார் என்றால், சுயநலம் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அவர் சாட்சியத்தின் வலிமை இதுதான்.

படமும் ஒலியும் தாராளமாக இருக்கும் ஹோம் ரன்களில்கூட நினைவு தன் வேலையைக் காட்டும். 1951 அக்டோபர் 3 அன்று போலோ கிரவுண்ட்ஸில் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன் ஜயன்ட்ஸ் அணியை லீக் வெற்றியாளராக்கியது. அன்று வந்தவர்கள் 34,320 பேர்; மைதானம் நிறையவே இல்லை. நேரில் பார்த்ததாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்களையோ அந்த மைதானம் கொள்ளாது. ரஸ் ஹாட்ஜஸின் புகழ்பெற்ற வானொலி வர்ணனை நமக்குக் கிடைப்பதும், புரூக்ளினில் ஒரு ரசிகர் வீட்டில் அதைப் பதிவு செய்துவைத்ததால்தான். 2001இல் ஜோஷுவா பிரேகர் என்ற பத்திரிகையாளர், ஜயன்ட்ஸ் அந்தப் பருவத்தில் மைய மைதானத்துக் கட்டடத்திலிருந்து தொலைநோக்கியால் எதிரணி கேட்சரின் விரல் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படித்து வந்ததை வெளிப்படுத்தினார். மாடத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கண்களில் ஒன்றுக்கும் இது தெரியவில்லை.

கண்கண்ட சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்பதற்கு ஸ்டீவன்ஸ் பணியாற்றிய நீதிமன்றமே ஓர் அளவுகோல் தந்தது. 1977இல் மேன்சன் - பிராத்வெயிட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சியின் அடையாளம் காட்டலை ஐந்து வகையில் சோதிக்க வேண்டும் என்றது. பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, செலுத்திய கவனம், முன்பு தந்த வர்ணனை சரியாக இருந்ததா, எவ்வளவு உறுதி, நடுவில் கடந்த காலம் என்பவையே அவை. பெரும்பான்மையோடு உடன்பட்டுத் தனியே ஒரு குறிப்பும் எழுதியவர் ஸ்டீவன்ஸ்.

அந்த ஐந்தையும் அவர்மீதே வைத்துப் பார்க்கலாம். பார்க்கும் வாய்ப்பு நடுத்தரம்: பகல் வெளிச்சம், ஆனால் தூரம், சாய்ந்த கோணம், ஓரிரு நொடி. கவனம் மிகுதி; எதிரணியின் பெரும்புள்ளி நிற்கும்போது 12 வயது ரசிகனின் கண் வேறெங்கும் போகாது. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியாது. முன்பு தந்த வர்ணனை என்று வைத்துப் பார்க்க அந்த ஸ்கோர் கார்டு உதவாது. அதில் ரன்னுக்கும் ஹிட்டுக்கும் கட்டங்கள் உண்டு, கை அசைவுக்கு இல்லை. ரூத் இரண்டு ஹோம் ரன் அடித்தார் என்பதை அது நிரூபிக்கும், அதற்கு மேல் எதையும் அல்ல. உறுதி முழுமையானது, ஆனால் நைசரின் மாணவர்களுக்குப் பின் உறுதியை ஒரு சான்றாக எடுத்துக்கொள்வது கடினம். 1977 தீர்ப்பின்மீது உளவியலாளர்கள் வைக்கும் முதன்மையான குறையும் இதுவே. நடுவில் கடந்த காலமோ 70 ஆண்டுகளுக்கும் மேல். அதற்குள் பத்திரிகைகளும் தன்வரலாறும் திரைப்படமும் மைய மைதானத்தைச் சுட்டும் ரூத்தின் உருவத்தை எல்லோர் மனதிலும் வரைந்துவிட்டன. படச்சுருளில் இல்லாத மட்டை அவர் நினைவில் இருப்பது இந்த ஐயத்தைப் பலப்படுத்துகிறது. இன்னொருவர் இதே சாட்சியத்தை அவர் முன் வைத்திருந்தால், நீதிபதி ஸ்டீவன்ஸ் குறுக்கு விசாரணைக்கு நிறைய இடம் இருப்பதாகக் கண்டிருப்பார்.

சந்தையில் இந்த ஐயம் எடுபடவில்லை. அன்று ரூத் அணிந்திருந்த யாங்கீஸ் சட்டை 2005இல் 9,40,000 டாலருக்கு விற்றது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, அந்த ஆட்டத்தில் அணிந்ததே இது என வல்லுநர்கள் உறுதி செய்த பின், 2024 ஆகஸ்டில் அதே சட்டை 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. விளையாட்டுப் பொருள் ஒன்றுக்கு அதுவரை கிடைத்த மிக உயர்ந்த விலை அது. சட்டையின் எழுத்தும் தையலும் எங்கே அமைந்திருந்தன என்பதைப் படங்கள் நிறுவின. சட்டைக்குள் இருந்த கை எங்கே நீண்டது என்பதை நிறுவவில்லை.

கிடைத்த சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால், ரூத் இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் கப்ஸ் டக்அவுட்டையும் சார்லி ரூட்டையும் நோக்கிக் கை நீட்டி, இன்னும் ஒரு பந்து இருக்கிறது என்று சவால் விட்டார் என்பதே பொருந்துகிறது. அடுத்த பந்தில் சவாலை நிறைவேற்றினார். அந்த அளவில் அவர் சொல்லித்தான் அடித்தார். மைய மைதானத்தின் இன்ன இடத்தைச் சுட்டி, அங்கேயே பந்தை அனுப்பினார் என்ற பகுதிக்கு, பிற்காலத்து நினைவுகளைத் தவிர வலுவான ஆதாரம் இல்லை.